நாற்பத்தோராவது புள்ளி

ஐந்து நாளுக்கொருமுறை, காலை பத்தரைக்கு,
மாங்குளத்துக்கு மேலால் அது போகும்.
சத்தமில்லை. யாரும் நிமிர்வதில்லை.
நேர அட்டவணை கைபேசியில் இருந்தும்
நான்கூட நிமிர்வதில்லை.
பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர், ஒரு பிக்சல்.
அதற்குள் நான், என் மோட்டார்சைக்கிள்,
வேலிக்கட்டையில் முதுகு தேய்க்கும் ஓர் எருமை,
எல்லாம் சேர்ந்து ஒரேயொரு நிறம்.

கிளிநொச்சியில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம்.
கீழே கம்பி அறுத்தால் மேசை நடுங்கும், மவுஸ் வழுக்கும்,
யாரோ ஒருவரின் வயலெல்லை வாய்க்காலுக்குள் விழும்.
புதிதாய்ச் சேர்ந்த நிரோஜன் முதல்நாள் திரையைக் கண்டு
திடுக்கிட்டான்: "என்னக்கா, எல்லாம் சிவப்பாக் கிடக்கு?"
அகச்சிவப்பில் உயிருள்ள இலை அப்படித்தான் தெரியும்,
சிவப்பென்றால் இங்கே செழிப்பு என்றேன்.
பிறகு இரண்டுபேரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

மென்பொருளுக்கு ஆறு வகுப்புத் தெரியும்:
நீர், நெல், அடர்காடு, பற்றைக்காடு, கட்டடம், வெறுநிலம்.
மடுவுக்கும் மோட்டைக்கும் வித்தியாசம் தெரியாது.
முறிப்பென்றால் என்னவென்று கொழும்பிலிருந்து
நிலூக்கா கேட்டபோது எனக்கும் உடனே வரவில்லை.
எப்போதோ அணை உடைந்த இடம் என்றேன்,
ஊர்ப்பெயருக்குள் இன்னும் வடியாத ஒரு வெள்ளம்.
"அதை எந்த வகுப்பில போடுறது?" என்றாள்.

சரிபார்க்க எண்பது புள்ளிகள். புள்ளிக்கு நூற்றைம்பது ரூபா,
பெற்றோல் தனி. பாடத்தில் இதற்குத் தரை உண்மை என்று பெயர்.
பத்தொன்பதில் மண்டையோட்டுப் பலகை.
கயிற்றுக்கு வெளியே நின்று 'அணுகவில்லை' என எழுதினேன்.
இருபத்தேழில் யானை. அதற்கும் அதே சொல்.

நாற்பத்தொன்று.
இயந்திரம் பற்றைக்காடு என்றது.
வனத்திணைக்களக் கல்லும் அதையே சொன்னது.
ஈச்சம்பற்றைக்குள் நாலு தென்னை,
இருபத்தைந்தடி இடைவெளி, நேர்க்கோடு.
தென்னை தானாய் நேர்க்கோட்டில் முளைப்பதில்லை.

பின்னால் வந்து நின்றவனுக்கு என் வயதிருக்கும்.
பெயர் தங்கேஸ்வரன். ஒரு கையில் கத்தி, மறுகையில் தண்ணீர்ப் போத்தல்.
"மேலயிருந்து பாத்தா எங்கட கிணறு தெரியுமே, மிஸ்?"
தெரியாது என்பதுதான் சரியான விடை.
பழைய படமொன்று இருந்தது. 2005, அறுபது சென்ரிமீற்றர்.
மடிக்கணினியை பெற்றோல் தாங்கிமேல் வைத்துத் திறந்தேன்.
மரநிழல் என்று நான் விட்ட கறுப்புப் பொட்டில் விரலை வைத்தான்.
"கிணறு. இது மாட்டுக்கொட்டில். இந்த வெள்ளை...
அண்டைக்கு நெல்லுக் காயப்போட்டிருப்பம்."
பல்கலைக்கழகத்தில் எவரும் ஒரு படத்தை
இவ்வளவு வேகமாய் வாசித்து நான் கண்டதில்லை.

பக்கத்துக் கோப்புறை 2009.
அவன் கேட்கவில்லை.
நான் திறக்கவில்லை.

இரவு குழப்ப அணி போட்டேன்.
வரிசைகளில் இயந்திரம் சொன்னது, நிரல்களில் நிலம் சொன்னது.
போகமுடிந்த எழுபத்தெட்டில் அறுபத்தாறு சரி.
எண்பத்துநான்கு தசம் ஆறு வீதம்.
எண்பத்தைந்துக்குக் குறைந்தால் கொழும்பு திருப்பியனுப்பும்.
ஒரேயொரு புள்ளி இடித்தது. எதுவென்று தெரியும்.

நெதர்லாந்துக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பம் பாதியில் கிடந்தது:
ஏன் தொலையுணர்வு, ஐந்நூறு சொல்லுக்குள்.
தொலை என்றால் எங்களுக்குத் தூரம்.
தொலை என்றால் காணாமற்போ என்றும்தான்.
அதற்குமேல் ஒரு சொல்லும் ஓடவில்லை, மூடினேன்.

நாற்பத்தொன்றைப் பிழையாகவே விட்டேன்.
நிரல் எப்போதும் வாசிக்காத
குறிப்புக் கட்டத்தில் தட்டினேன்:
தென்னை நாலு. நேர்க்கோடு. கிணறு தூர்ந்துவிட்டது.
உரிமையாளர் நிற்கிறார்.

காலையில் நிலூக்கா. "ஒண்டுதானே குறையுது,
நாப்பத்தொண்டை இன்னொருக்காப் பாக்கிறியா?"
பார்த்துவிட்டேன் என்றேன்.
அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். பிறகு அதுவுமில்லை.
"குறிப்பில என்ன எழுதியிருக்கு? வாசி," என்றாள்.

மார்கழி. பத்தரை ஆகிறது.
முகில் தொண்ணூற்றாறு வீதம்.
கீழே கம்பி அறுக்கிறார்கள்;
அவளுக்குக் கேட்கவேண்டுமென்று
உரத்து வாசிக்கிறேன்.